டுடுக்: ஆர்மீனியக் குழலும் திரைப்படப் பின்னணி இசையும்

டுடுக், ஆர்மீனியர்களின் மரபு ஊதுகருவி. இரட்டை நாணல் பொருத்தி வாசிக்கப்படுவது. 1980களின் இறுதியிலிருந்து திரைப்படப் பின்னணி இசை வழியாக உலகெங்கும் பரவியது. பெயரே தெரியாத பலரும் ‘கிளாடியேட்டர்’ (2000) படத்தில் இதன் குரலைக் கேட்டு நெகிழ்ந்திருக்கிறார்கள்.

குழல் ஆப்ரிகாட் மரத்தில் கடையப்படுகிறது. நீளம் 28 முதல் 40 செ.மீ. வரை. வழக்கமாக முன்புறம் எட்டுத் துளைகள், பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. வாய்முனையில் ‘கமிஷ்’ எனப்படும் அகன்ற, தட்டையான நாணல் செருகப்படும். நாகசுரத்தின் சீவாளியும் இதே முறையில்தான் இயங்குகிறது. கமிஷ் அதைவிட மிகப் பெரியது. ஆனால் ஓசையில் இரண்டு கருவிகளும் எதிரெதிர். நாகசுரத்தின் உட்குழல் கீழே போகப்போக விரிவதால் அதன் முழக்கம் வீதிகளைத் தாண்டி ஒலிக்கும். டுடுக்கின் உட்குழல் தலை முதல் அடி வரை ஒரே அகலம். நாணல் உள்ள முனை மூடிய குழலாகவே செயல்படுவதால், இவ்வளவு சிறிய கருவியா என்று வியக்கும்படி சுருதி தாழ்ந்து பிறக்கிறது. அதன் வீச்சு ஒரு ஸ்தாயிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். துளைகளைப் பாதி மூடியும் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் கலைஞர் சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்கிறார். மனிதக் குரலுக்கு மிக நெருங்கியதாக இது ஒலிப்பதற்கு அந்த வழுக்கலே முதற்காரணம் என்று சொல்லலாம்.

மரபில் டுடுக்கைத் தனியாக வாசிப்பதில்லை. ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் ‘தம்’ பிடிப்பார். அதாவது கன்னங்களில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஆதார சுருதியை இடைவெளியே இல்லாமல் ஊதிக்கொண்டிருப்பார். நம் நாகசுரத்துக்கு ‘ஒத்து’ எனும் சுருதிக் குழல் நின்ற இடம் இது.

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ (1988) படத்துக்கு இசையமைத்த பீட்டர் கேப்ரியல், ஆர்மீனிய டுடுக் ஒலிப்பதிவு ஒன்றை அதில் பயன்படுத்தினார். மறு ஆண்டு ‘பேஷன்’ என்ற தொகுப்பாக வெளிவந்த அந்த இசை கிராமி விருது பெற்றது. பிறகு ஹான்ஸ் ஸிம்மரும் லிசா ஜெரார்டும் இசையமைத்த ‘கிளாடியேட்டர்’ படத்தில் ஜீவன் காஸ்பரியான் (1928–2021) வாசித்தார். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொலைக்காட்சித் தொடருக்கு டுடுக்கை விரிவாகப் பயன்படுத்திய பேர் மெக்ரியரி, தாய்வழியில் ஆர்மீனியர்.

இந்தப் புகழுக்கு ஒரு விலையும் உண்டு. எருசலேம், ரோம், விண்வெளி என எங்கே பழமையும் துயரமும் வேண்டுமோ அங்கெல்லாம் டுடுக் ஒலிக்கத் தொடங்கியதில், அது எந்த மண்ணின் கருவி என்பது மங்கியது. ஆர்மீனியாவில் இது சாவு வீட்டில் மட்டும் அழுவதில்லை. திருமணத்திலும் ஆட்டத்திலும் ஒலிக்கிறது. அந்த மகிழ்ச்சியான வாசிப்பு திரையில் அரிது. அதைவிடப் பெரிய இழப்பு தம் பிடிப்பவருடையது. பின்னணி இசையில் அவர் இடத்தைப் பெரும்பாலும் வயலின் கூட்டமோ சிந்தசைசரோ எடுத்துக்கொள்கிறது. அவற்றில் மூச்சு இல்லை. இன்னொரு மனிதரின் மூச்சின்மேல் சாய்ந்துதான் டுடுக்கின் மெட்டு நடக்கிறது. அதை எடுத்துவிட்டால் குரல் மிஞ்சும், உறவு போய்விடும்.

யுனெஸ்கோ 2005இல் டுடுக் இசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாட்டுப்புற விழாக்களில் வாசிப்பு குறைந்து, தொழில்முறைக் கலைஞர்களின் மேடைக் கச்சேரியாக இது சுருங்கிவருவதையும் அது குறிப்பிட்டது.

திரையிசையால் ஈர்க்கப்பட்டு இக்கருவியைத் தேடி வருபவர்கள் முதலில் கேட்க வேண்டியது காஸ்பரியானின் ‘ஐ வில் நாட் பி சேட் இன் திஸ் வேர்ல்ட்’. சோவியத் காலத்தில் வெளியான அந்த இசைத்தட்டை இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1989இல் மேற்குலகுக்குக் கொண்டுவந்தார். அதில் மெட்டுக்கு அடியில் தம் இடையறாமல் ஒலிக்கிறது.