ராச்செஸ்டருக்குத் திரும்பிய பெட்டி

1888இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஆலையிலிருந்து கறுப்புத் தோல் போர்த்திய சின்னப் பெட்டி ஒன்று விற்பனைக்குப் புறப்பட்டது. முதல் கோடக் கேமரா அதுதான். விலை 25 டாலர். உள்ளே நூறு படத்துக்கான சுருள் தயாராக இருக்கும். கயிற்றை இழுத்து, பொத்தானை அமுக்கி, சாவியைத் திருப்பினால் ஒரு படம் முடிந்தது. நூறும் தீர்ந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 10 டாலரோடு அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிடலாம். வட்ட வட்டமான படங்களை அட்டையில் ஒட்டி, பெட்டியில் புதுச் சுருளும் போட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இதை உருவாக்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன், 1885இலேயே வில்லியம் வாக்கருடன் சேர்ந்து சுருளை மாட்டும் கருவியைச் செய்து படக்காரர்களிடம் விற்றுப் பார்த்தவர். அருமையான கருவி. ஆனாலும் பெரும்பாலோர் கண்ணாடித் தகட்டை விடவில்லை. காரணம், சுருளின் அடிப்பக்கம் காகிதம். கழுவிய பிறகு பிம்பம் படிந்த மெல்லிய படலத்தைக் காகிதத்திலிருந்து உரித்துக் கண்ணாடிக்கு மாற்ற வேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் படம் போய்விடும்.

கோடக் பெட்டிக்குள் இருந்ததும் இதே காகிதச் சுருள்தான். அதன் பெருமையை ஈஸ்ட்மன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம். அவர் எழுதிய விளம்பர வாசகம் ஆங்கிலத்தில் எட்டே சொல்: பொத்தானை நீங்கள் அமுக்குங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுருள், காகிதம், லென்ஸ் எதைப் பற்றியும் பேச்சில்லை. வாங்குகிறவருக்கு வேண்டியது குழந்தையின் முகமும் ஊர்ப்பயணமும்தானே!

பொருளின் அம்சங்களை அடுக்காமல் பயனைச் சொல் என்று விளம்பரம் எழுத வருகிறவர்களுக்கு இன்றும் பாடம் சொல்கிறோம். அந்த வாசகத்தின் பின்பாதியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். படலம் உரிக்கும் தொல்லை எங்கும் போய்விடவில்லை. வாங்கியவர் வீட்டிலிருந்து ஆலைக்கு இடம் மாறியது. அங்கே பழகிய கைகள் அதைச் செய்ததால்தான் அந்த எட்டுச் சொல்லும் உண்மையாயின. ஆலை அந்தப் பொறுப்பை ஏற்காமல் இதே வாசகத்தை அச்சடித்திருந்தால், முதல் நூறு படத்தோடு சாயம் வெளுத்திருக்கும்.

1889இல் காகிதம் போய் செல்லுலாய்டு சுருள் வந்தது. பிறகு வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய சுருள் வந்ததும் பெட்டி ராச்செஸ்டருக்குப் போய்வர வேண்டியதில்லை; சுருள் மட்டும் போனால் போதும் என்றானது. 1900இல் வந்த பிரௌனி கேமராவுக்கு விலை ஒரே டாலர். பள்ளிப் பிள்ளைகள் யாரும் இயக்கலாம் என்றது அதன் விளம்பரம்.