பெயர்ச்சீட்டை நம்பாதவர்

ஓசூர்த் தொழிற்பேட்டையிலே வேலை முடித்து, அந்தி மயங்கும் வேளையிலே கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்புவோர், மாந்தோப்புகளின் மேலே பழந்தின்னி வௌவால்கள் வட்டமிடக் காண்பர். வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் கேடு என்பர் நம்மவர். பகலெல்லாம் இம்மியும் பிசகாமல் இரும்பை அளந்து கடைந்த கை, இரவிலே குட்டிக்குப் பாலூட்டும் ஓர் எளிய உயிருக்கு அஞ்சிப் பரிகாரம் தேடுகிறது! சட்டமும் அந்த உயிரை மதிக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தந்தான் அப்பட்டியலை நீக்கிற்று.

இத்தகைய வௌவால் ஒன்றின் வரலாற்றையே கூற வந்தோம். தமிழகத்தின் தென்கோடி மலைகளிலே தொடங்குவது அது. 1948ஆம் ஆண்டு, அன்றைய மதுரை மாவட்டத்து மேகமலையிலே, ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்தார். இயற்கையிலே ஆர்வம் மிக்கவர் அவர். எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே அதனைக் கருதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பிலே அந்தப் பெயரோடு அது அடங்கிற்று. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சீட்டைக் கேள்வி கேட்டார் இல்லை.

1970இல் கிட்டி தொங்லொங்யா வந்தார். தாய்லாந்துக்காரர், அந்நாட்டின் பயன்பாட்டு அறிவியல் ஆய்வுக் கழகத்திலே விலங்குச் சேகரிப்பைக் கவனித்தவர். சீட்டைப் படித்துவிட்டு நகர்ந்திருக்கலாம் அவர். நகர்ந்தாரில்லை. பல்லை எண்ணினார்! குறுமூக்கு வௌவாலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு இணை வெட்டுப்பற்கள். இதற்கோ ஓரோர் இணையே. அதற்குச் சிறு வாலுண்டு. இதற்குப் புறத்தே வாலே இல்லை. இனம் மட்டுமன்று, பேரினமே புதிது என்று கண்டார். அகன்ற பல்லுடையது என்னும் பொருளில் 'லாட்டிடென்ஸ்' என்றும், பறவையியல் அறிஞர் சலீம் அலியைச் சிறப்பிக்கும் வகையில் 'சலீமலியை' என்றும் 1972இல் பெயரிட்டார்.

பிறந்தபோது ஒட்டிய சீட்டைச் சுடுகாடு வரை கிழிக்கக் கூடாது என்று சாத்திரம் எழுதி வைத்த நாட்டார் நாம். மனிதனுக்கு ஒட்டிய சீட்டையே சோதித்துப் பார்க்கத் துணியாதவர், வௌவாலின் வாயையா திறந்து பார்ப்பர்? நம் மலையிலே வாழ்ந்த உயிரை, நம் மொழியறியாத ஒருவர் வந்து அடையாளங்காட்ட வேண்டியிருந்தது. அவருக்கு நன்றி சொல்லும்போதே நமக்கு நாணமும் வருகிறது.

1973இல் தம் நாட்டுக் குகைகளிலே, இரண்டு கிராம் அளவே எடையுள்ள வௌவாலைக் கிட்டி கண்டார். ஆராயுமாறு இலண்டன் அருங்காட்சியகத்து ஜான் எட்வர்ட்ஸ் ஹில்லுக்கு அனுப்பினார். 1974 பிப்ரவரியிலே கிட்டி மறைந்தார். அவ்வாண்டே ஹில் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். புதியதொரு குடும்பமாகவே அது வகுக்கப்பட்டது.

மேகமலை வௌவால் 1993இல் மீண்டும் அகப்பட்டது. அதுவரை அந்தப் பேரினத்துக்கு உலகிலிருந்த ஒரே சான்று, 1948இல் தவறான பெயரோடு பம்பாய் சேர்ந்த அந்த ஓர் உடல்தான்.