மேலவளவின் நாற்காலி

சேர்வராயன் மலைத்தொடர் அடங்கிய ஏற்காடு, சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. மலையாளி மக்கள் வாழும் இம்மலையிலிருந்து பழங்குடியினர் ஒருவர் சட்டசபைக்குச் செல்வது இன்று எவர்க்கும் வியப்பளிப்பதில்லை. ஆயினும், ஒதுக்கப்பட்ட ஆசனத்தில் அதற்குரியவர் அமர்வதைப் பொறாத உள்ளங்கள் ஆறு உயிர்களைக் குடித்த கதை, இம்மலையிலிருந்து நோக்கக் கண்முன் விரியும் சேலம் நகரத்து நீதிமன்றத்திலேதான் விசாரிக்கப்பட்டது.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி, 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. 1996இல் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் குடிசைகள் தீக்கிரையாயின. மனுச் செய்தவர்கள் அச்சத்தால் விலகினர். மீண்டும் தேர்தல் வைத்தபோது வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது. இறுதியில் டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலுடன் நடந்த மறுவாக்குப் பதிவிலே முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அலுவலகத்தினுள் சென்று தம் நாற்காலியில் அமர்ந்து கடமையாற்ற அவரை விட்டார்களில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நஷ்டஈடு வேண்டி மதுரைக்குச் சென்று கலெக்டர் அலுவலகத்தில் முறையிட்டுவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும், துணைத்தலைவர் மூக்கனையும், உடனிருந்த நால்வரையும், பட்டப்பகலில் வழிமறித்து வெட்டிக் கொன்றனர். முருகேசனின் தலையைத் துணித்தெடுத்துச் சென்று கிணற்றில் எறிந்த கொடுமையை எழுதும்போதே நெஞ்சு பதறுகிறது.

ஆப்பிரிக்காவின் கென்யாவில் 2007 டிசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பின் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கிபாகி வென்றாரா, ஒடிங்கா வென்றாரா என்பதே விவாதம். மேலவளவிலோ வென்றவர் யார் என்பதில் எவர்க்கும் சந்தேகமில்லை, வென்றதுதான் குற்றமாயிற்று. வாக்கெண்ணிக்கை முடிந்த பின்னும் அரசாங்கத்தின் கடமை முடிவதில்லை என்பதையும், காவல் மிகவும் வேண்டியிருப்பது அதற்குப் பிந்தைய மாதங்களிலேதான் என்பதையும் அன்று அதிகாரிகள் உணர்ந்திருந்தால் அந்த அறுவரும் பிழைத்திருப்பர் என்றே நான் கருதுகிறேன்.

வழக்கு உயர்நீதிமன்ற ஆணையால் சேலத்திற்கு மாற்றப்பட்டது. ஆகவே கணவனை இழந்த பெண்களும் கண்ணாரக் கண்ட சாட்சிகளும் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்து சாட்சி சொல்ல நேர்ந்தது. 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2006இல் உயர்நீதிமன்றமும், 2009இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தன.

அதே மதுரை மாவட்டத்தில், இவ்வாறே ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டும், வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜிநாமா செய்வதும், மனுச் செய்யவே ஆளில்லாமற் போவதுமாகப் பத்தாண்டுகள் கழிந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் அமர்ந்தனர். மேலவளவுக் குற்றவாளிகளிலோ மூவர் 2008இலும், மேலும் 13 பேர் 2019 நவம்பரிலும் அரசின் ஆணையால் தண்டனைக் காலத்திற்கு முன்பே விடுதலையாயினர். மன்னிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதனை இந்த வழக்கில் பிரயோகித்தது தகாது.