பெஸ் பிளவர்ஸ்

பெஸ் பிளவர்ஸ் (1898–1984) அமெரிக்கத் துணை நடிகை. 'ஹாலிவுட் துணை நடிகர்களின் ராணி' என்று அழைக்கப்பட்டவர். டெக்சாஸ் மாநிலத்தின் ஷெர்மன் நகரில் பிறந்தார். கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் நாடகம் பயின்றபின் 1920களின் தொடக்கத்தில் ஹாலிவுட் வந்தார். மௌனப் படங்களில் தொடங்கி 1960கள் வரை நூற்றுக்கணக்கான படங்களில் தோன்றினார். பெரும்பாலானவற்றில் பெயர்ப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

உயரமும் கம்பீரமும் அவருடைய மூலதனம். அத்துடன் சொந்த உடைத் தொகுப்பும். விருந்து, நாடக அரங்கு, இரவு விடுதிக் காட்சிகளுக்குத் தன் உடையுடன் வரக்கூடிய துணை நடிகர்களுக்குச் சாதாரணக் கூட்டத்தில் நிற்பவர்களைவிடக் கூலி அதிகமாக இருந்தது. அந்த உடைகளை வாங்கிப் பராமரிப்பதும் வேலையின் ஒரு பகுதியே. திரையில் ஒரு நொடி மின்னும் பட்டு கவுனுக்குப் பின்னால் இருக்கும் அந்த உழைப்பு உரிய மதிப்பைப் பெற்றதில்லை.

'வி ஃபா டவுன்' (1928) குறும்படத்தில் நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரலின் மனைவியாக நடித்தது அவருக்குக் கிடைத்த பெரிய வேடங்களுள் ஒன்று. 'ஆல் அபவுட் ஈவ்' (1950) படத்தில் விருது பெற்ற ஈவ் என்ற கதாபாத்திரத்தை வாழ்த்தும் பெண் இவரே. இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் (1954) இசையமைப்பாளர் வீட்டு விருந்தில் பூடில் நாயுடன் காணப்படுகிறார். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற ஐந்து படங்களில் அவர் இருக்கிறார். துணை நடிகர்களுக்கான தொழிற்சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1984 ஜூலை 28 அன்று கலிஃபோர்னியாவில் காலமானார்.