பாவலர் பாட்டு இருக்கா?

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து விழும். அதன் பிறகு டெக்கில் ரெக்கார்ட் பொத்தான் அழுந்தாது. பதிந்ததை யாரும் அழிக்க முடியாது. 1984 முதல் 14 வருஷம் உத்தமபாளையத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். கேசட்டைக் கையில் கொடுக்கும் முன் அந்தப் பல்லை உடைத்துக் கொடுப்பதுதான் கடைசி வேலை.

எனக்குச் சொந்த ஊர் பண்ணைப்புரம். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மேற்குமலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். இளையராஜா ஊர்க்காரன் என்பதே என் கடைக்குப் பாதி விளம்பரம். மக்கள் ஒரு துண்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். ‘அறுபது’ கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், 6 அல்லது 7 பாட்டு. ‘தொண்ணூறு’ என்றால் 45 நிமிஷம். பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுபட்டால் அது கடைக்கு அவமானம். அதனால் ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம் என்று மனப்பாடமாக வைத்திருப்பேன். சின்னப் பாட்டுகளைக் கடைசி இடத்துக்கு ஒதுக்குவேன். தனியார் பஸ் டிரைவருக்கு முதல் பாட்டே துள்ள வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் ஆளுக்கு, ராத்திரி படுத்துக்கொண்டு கேட்க, கடைசிப் பாட்டு இதமாக இருக்க வேண்டும். கேட்கிறவர் யார் என்று தெரிந்தால்தான் வரிசை அமையும்.

அந்த வேலை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. நல்ல பாட்டு என்பதற்காக ஒரு பாட்டு தானாக நிலைத்துவிடாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து பொறுக்கி எடுத்து, வரிசைப்படுத்தி, அழியாமல் பூட்டி வைக்க வேண்டும்.

கடையை மூடிப் பல வருஷம் கழித்து, லண்டனில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவில் வந்தபோது ஒரு சி.டி. கொண்டுவந்தான். கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் மொத்தப் பயணத்தையும் அடக்கிய, 2002இல் வந்த இரட்டைத் தட்டுத் தொகுப்பு. “மாமா, பீட்டில்ஸ் பேரு எல்லாருக்கும் தெரியும். இவங்களக் கேளுங்க” என்றான். எனக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் வரிசை வைக்கத் தெரிந்த கை பட்டது என்று முதல் நாலு பாட்டிலேயே தெரிந்துவிட்டது.

அவன் சொன்ன கதைதான் என்னை உலுக்கியது. கிங்க்ஸ் ஒரு அண்ணன் தம்பி குழு. வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதியைச் சேர்ந்த ரே டேவிஸும் அவர் தம்பி டேவும் அதன் தூண்கள். 1964இல் அவர்களைத் தூக்கி நிறுத்திய பாட்டில் கிட்டார் உறுமும். அந்தச் சத்தம் வர டேவ் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறியிருந்தார். 1965இல் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் இறங்கியபோது, அதிகாலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு ரே ஒரு பாட்டே கட்டினார். அதே வருஷம் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அவர்கள் அங்கே கச்சேரி செய்ய முடியாதபடி தடுத்தது. 1969 வரை பெரிய சந்தை மூடிக் கிடந்தது. கிராமத்துப் புல்வெளியைப் பாதுகாக்கச் சொல்லி அவர்கள் போட்ட ஆல்பம் பிரிட்டனில் வெளிவந்தது 1968 நவம்பர் 22. பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் அதே நாளில்தான் வந்தது. கிங்க்ஸின் தட்டு விற்கவில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது அந்த ஆல்பத்தைத்தான். காலம் தவறவிட்டதைத் தொகுப்புகள் மீட்டன.

ரேவுக்கு முதல் கிட்டார் வாங்கித் தந்தது அவருடைய அக்கா. 1957 ஜூனில், அவருடைய 13ஆம் பிறந்தநாளுக்கு. அந்த வருஷத்தைக் கேட்டதும் என் மனம் பண்ணைப்புரத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில், பின்னாளில் இளையராஜா ஆன ராசய்யா என்ற பையன், ஏறக்குறைய அதே காலத்தில், 14 வயதில், தன் மூத்த அண்ணன் குழுவோடு மேடை ஏறினான். அந்த அண்ணன்தான் பாவலர் வரதராசன்.

பாவலர் கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். பாட்டும் அவரே எழுதுவார். ஊருக்கெல்லாம் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கூலியையும் நிலத்தையும் அரிசி விலையையும் வைத்துக் கட்டுவார். மெட்டு ஏற்கனவே மக்கள் காதில் இருப்பதால், வார்த்தை ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும். கூட்டம் கலைந்து போகும்போதே சனம் அதைப் பாடிக்கொண்டு போகும்.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்குப் போயின. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். 1957இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. கட்சிக்குக் கிடைத்தவை 126இல் 60 இடங்கள்; சுயேச்சைகள் துணையோடு நின்ற அரசு. ஒவ்வொரு தொகுதியும் உயிர்நாடி. தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று ஆகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. தமிழ்த் தொழிலாளர் லயங்களுக்கு நடுவே நின்று பாட ஒரு தமிழ்க்குரல் வேண்டியிருந்தது. பாவலர் மலையேறினார். ரோசம்மா மறுபடி வென்றார்.

அவருடைய குழுதான் பின்னால் ‘பாவலர் சகோதரர்கள்’ என்று பேரெடுத்தது. அண்ணன் பாட, பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் என்று தம்பிகள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். குரல் உடைவதற்கு முன் ராசய்யா பெண்குரல் பாட்டுகளைப் பாடினார். உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு வந்தார். அண்ணன் ஆர்மோனியத்தைத் தொட விடமாட்டார் என்பதையும், அவர் இல்லாத நேரத்தில் தொட்டுத்தான் பழகினேன் என்பதையும் இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அமர்சிங்தான் பிற்பாடு கங்கை அமரன்.

1960களின் முடிவில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பியபோது, அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, முழுப் பணத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஹேமர்ஸ்மித்தில், 1960களில் பீட்டில்ஸ் பாடிய அரங்கில், இளையராஜாவின் சிம்பொனி ஒலித்தது. அக்கா மகன் போன் போட்டு, “நம்ம ஊரு மாமா, நம்ம ஊரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கும் கண் நிறைந்துதான் போனது. ஆனால் அந்த நேரத்திலும் நினைவுக்கு வந்தது 1991இல் கடைக்கு வந்த ஒருவர்.

தை மாசம். கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர், பொங்கலுக்கு இறங்கியிருந்தார். தோளில் புதுசாக வாங்கிய டூ-இன்-ஒன்.

“பாவலர் பாட்டு இருக்கா தம்பி?”

“இளையராஜா பாட்டுங்களா ஐயா? எல்லாம் இருக்கு.”

“அவரு தம்பி. நான் கேக்குறது அண்ணன் பாட்டு.”

என் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய எக்கோ கம்பெனி இசைத்தட்டுகள். தம்பி இசையமைத்த படங்கள் அத்தனையும் இருந்தன. அண்ணன் குரலில் ஒன்றுகூட இல்லை. பண்ணைப்புரத்தில் பிறந்தவன், பாட்டையே தொழிலாக வைத்திருந்தவன், தலை குனிந்து நின்றேன். பாவலர் பாடியது தேரடிகளிலும் தோட்டத்து லயங்களிலும். அன்று மெட்ராசில் தட்டுப் போட்ட கம்பெனிகளுக்கு வேண்டியது சினிமாவும் கச்சேரியும். அந்தந்த ராத்திரிக்கென்று கட்டிய பாட்டைப் பதிய மலையடிவாரத்துக்கு எவர் வரப்போகிறார்?

“1958ல தேவிகுளத்துல எங்க அப்பா தோள்ல உக்காந்து கேட்டேன். எனக்குப் பாதி தெரியும்” என்றார்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். சத்தம் விழாமல் இருக்க ஃபேனை அணைத்தேன். மைக்கைச் செருகி, அவர் முன்னால் கல்லாப் பெட்டி மேல் வைத்தேன். முதலில் தொண்டை வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு கண்ணாடி மேசையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு பாடினார். ரெண்டாவது சரணத்தில் வார்த்தை மறந்துபோய் மெட்டை மட்டும் முனகினார். கடைசி அடியில் வார்த்தை திரும்பி வந்தபோது குரல் உயர்ந்தது. நடுவில் குமுளி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. மொத்தம் 2 நிமிஷம் 40 விநாடி. பிரதி எடுத்து அவருக்குக் கொடுத்தேன். மூலத்தை நான் வைத்துக்கொண்டு பல்லை உடைத்தேன்.

பாவலரின் மிகச் சிறந்த பாடல்கள் எவை என்று கேட்டால், இந்தப் பள்ளத்தாக்கில் வயதானவர்கள் ஆளுக்கு ஒரு சரணம் சொல்வார்கள். சின்னமனூரில் ஒருவருக்குப் பல்லவி தெரியும், போடியில் ஒருவருக்கு முடிவு தெரியும். கிங்க்ஸுக்குத் தொகுப்பு போட்டவர்களுக்கு நாடா கையில் இருந்தது. நமக்கு இருப்பது நினைவு மட்டும்; அது ஆளோடு போய்விடும்.

உடைத்த பல்லின் ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். 1991இல் பல்லை உடைத்த அந்த ஒரு கேசட்டுக்கு இதுவரை 6 முறை டேப் ஒட்டிப் பிரித்திருக்கிறேன். திண்ணையிலும், கட்டிலோரத்திலும், ஒருமுறை கருமாதி வீட்டு வாசலிலும் பதிந்தேன். லேபிளில் பாவலர் சகோதரர்கள் என்று எழுதி, கீழே 1 முதல் 7 வரை எண் போட்டிருக்கிறேன்.

ஏ பக்கத்தில் இன்னும் 11 நிமிஷம் இடம் இருக்கிறது. பி பக்கம் முழுசாகக் காலி.