ஒலியும் ஏடும்: ஆர்னால்டு பாக்கெயின் இசைத் திரட்டு

ஏட்டில் எழுதிய பாட்டு ஏடு உள்ளவரை வாழும். மிடற்றில் பிறந்த இசையோ பாடி முடித்த அளவிலேயே மறையும். இவ்விழப்பைத் தமிழுலகம் நன்கறியும். பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் அடியார்க்கு நல்லார் உரையில் பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. அத்தகைய தமிழகத்தில் 1938-ஆம் ஆண்டு மக்கள் இசையை ஒலியாகவே பதிந்து சென்றவர் ஆலந்து நாட்டு இசையறிஞர் ஆர்னால்டு பாக்கெ (1899–1963) ஆவார்.

1925-இல் சாந்திநிகேதனம் வந்து தாகூரின் பாடல்களைப் பயின்ற பாக்கெ, சங்கீத தர்ப்பணத்தின் முதற் பகுதிகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பின்னாளில் இலண்டனில் கீழைக்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். தொடக்கத்தில் மெழுகு உருளைகளிலும், பின்னர் டெஃபி எனப்படும் வரிப்பள்ளம் கீறிய படச்சுருள் போன்ற பட்டைகளிலும், இறுதியில் காந்த ஒலிநாடாக்களிலும் அவர் இசையைப் பதிந்தார். 16 மி.மீ. படக்கருவியும் உடன் சென்றது. ஆனால் அப்படங்கள் ஒலியற்றவை. ஆடும் காலைப் படச்சுருள் காட்டும். அதற்குரிய பறையொலி வேறொரு பட்டையில் கிடக்கும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் அவருடைய எழுத்துகளே. அவற்றுள்ளும் தாயாருக்கு எழுதிய மடல்கள் டச்சு மொழியில் அமைந்தவை. இசை மட்டும் அறிந்தவர்க்கோ, தமிழ் மட்டும் அறிந்தவர்க்கோ இத்திரட்டு முழுமையாகத் திறவாது.

இத்தகைய திரட்டைக் கணிப்பொறியில் ஏற்றுவது படியெடுக்கும் வேலை மட்டுமன்று. மெழுகு உருளை ஒவ்வொன்றும் இரண்டு முதல் நான்கு நிமிட ஒலியே கொள்ளும். பூஞ்சணம் அதனை அரிக்கும். ஊசி ஒருமுறை ஓடினால் பள்ளம் ஒருபடி தேயும். ஆதலால் கேட்டுப் பார்த்து அடையாளம் காண்போம் என்னும் ஆர்வத்தை அடக்கி, எழுத்துச் சான்றுகளை முதலில் ஒழுங்குபடுத்துவதே முறை. பேழையின் மேலுள்ள எண், உருளையின் எண், குறிப்பேட்டின் எண் ஆகிய மூன்றும் மாறுபட்டால் மூன்றையும் அவ்வாறே எழுதிவைக்க வேண்டும். ‘பிழை’ என ஒன்றை அழிப்பது, பாடபேதத்தை அழிக்கும் பதிப்பாசிரியர் செயலை ஒக்கும்.

அடுத்தது விரைவு. உருளை விரைந்து சுழன்றால் ஆடவர் குரல் பெண்குரலாகும், விளம்பம் துரிதமாகும். சுரங்களுக்கிடையேயான உறவு மாறாவிடினும் ஆதார சுருதி பொய்யாகிவிடும். பெர்லின் ஒலிக்களஞ்சியத்தார் பதிவின் தொடக்கத்தில் சுருதிக்குழல் ஊதுமாறு களப்பணியாளரைப் பணித்ததன் நுட்பம் இதுவே. இன்று நொடிக்கு 96,000 மாதிரிகள் எடுத்து ஒலியைப் பதிகின்றனர். எனினும் மூலத்தை எறிவதில்லை. ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடியை ஆற்றில் விட்ட வழக்கம் இங்கே ஆகாது. ஊசியின்றி ஒளியாலேயே பள்ளத்தைப் படிக்கும் கருவி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாயிற்று. மூலம் இருந்தமையாலன்றோ அதற்குப் பயன் உண்டாயிற்று!

எல்லாம் செய்தும் எஞ்சும் வினா ஒன்றுண்டு: பாடியவர் யார்? பதிந்தவர் பெயரால் திரட்டு வழங்குகிறது. பாடியவர் பெயர் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒதுங்குகிறது. இக்குறையை உணர்ந்து செயற்பட்டவர் பாக்கெயின் மாணாக்கர் நசீர் ஜைராஸ்பாய். 1984-இல் அவரும் ஏமி கேட்லினும் பழைய ஒலிகளின் படிகளுடன் தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளுக்கு மீண்டும் சென்றனர். பாக்கெ பதிந்த ஊர்களில் அக்கலைகளையும் கலைஞர் வழிவந்தோரையும் தேடி, நின்றது எது, மாறியது எது என ஆராய்ந்தனர். 1991-இல் காட்சிப்பதிவாகவும் வெளியிட்டனர். நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் தன் ஊருக்கே திரும்பிய ஒலி அது. பெயரும் ஊரும் உறவும் சொல்லக்கூடியவர் உயிருடன் இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். கருவிகள் காத்திருக்கும், முதியோர் காத்திரார்.

பாக்கெயின் ஒலிமூலங்களுள் பெரும்பகுதியைப் பேணும் பிரித்தானிய நூலகம் 2023 அக்டோபரில் கணினித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. இணையவழி அதன் ஒலித்திரட்டுகளைக் கேட்கும் வாய்ப்பு நெடுங்காலம் தடைப்பட்டது. 1982-இல் தோன்றி இன்று குருகிராமத்தில் இயங்கும் இசையியல் ஆவண மையத்திலோ பாக்கெ பதிவுகளின் படிகள் முன்னரே வந்து சேர்ந்திருந்தன.