ஒரே வெள்ளத்தில் இரண்டு படிகள்: ஸ்ரீரங்கத்தில் சொந்த வழங்கியும் காப்புப் படியும்

ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் பெருநிறுவனங்களின் கணினிகளில் ஒப்படைக்காமல், லினக்ஸ் நிறுவிய கணினி ஒன்றில் வீட்டிலேயே வைத்துப் பேணுவது சொந்த வழங்கி எனப்படும். பழைய கணினியும் யுபிஎஸ் ஒன்றும் இருந்தால் இன்று இது எவருக்கும் எட்டக்கூடியதே. ஆனால் காப்புப் படிகள் எத்தனை என்று எண்ணுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அப்படிகள் எந்தெந்தக் காரணங்களால் அழியக்கூடும், அக்காரணங்கள் ஒன்றா பலவா என்பதே முதலில் ஆராய வேண்டியது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி வழிந்த நீர் கொள்ளிடத்தில் பெருகியபோது, 1928இல் கட்டப்பட்டு, அதற்குள் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அடுத்த சில நாள்களில், 22ஆம் தேதி இரவு, ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் அமைத்த மேலணையின் மதகுகள் ஒன்பது உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காக எழுந்த இரு கட்டுமானங்களும் ஒரே ஆற்றில் நின்றமையால் ஒரே வெள்ளத்துக்கு இரையாயின. வடக்கு உத்திர வீதியில் வழங்கியையும் அம்மா மண்டபம் சாலையில் அதன் படியையும் வைத்திருப்பவர் தம்மிடம் இரண்டு உள்ளன என்று கருதலாம். வெள்ளத்தின் கணக்கில் அவை ஒன்றே. வைகைப் படுகையில் உள்ள மதுரையில் உறவினர் வீட்டில் இருக்கும் ஒரு வட்டு, தீவுக்குள் இருக்கும் மூன்று வட்டுகளைவிட மதிப்புடையது.

கணினிப் பெட்டிக்குள்ளும் நிலைமை இதுவே. ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதும் ரெய்டு அமைப்பு, ஒரு வட்டு பழுதானால் உதவும். இரண்டுக்கும் மின்சாரம் தரும் பகுதி எரிந்தால் உதவாது. இதைவிட நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்னும் நிரல், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி இரு இடங்களை ஒன்றுபோல் ஆக்குவது. மூலத்தில் இல்லாததைப் படியிலும் நீக்கும் தேர்வோடு அதை நள்ளிரவு இரண்டு மணிக்கு இயங்கும்படி அமைத்திருந்தால், மாலையில் கைதவறி அழிந்த சுவடிப் படங்களின் கோப்புறை, விடிவதற்குள் படியிலிருந்தும் அழிந்துவிடும். ஆகவே நாள்தோறும் தனித்தனி நிலைப்படிகளைச் சேர்த்துவைக்கும் போர்க், ரெஸ்டிக் போன்ற கருவிகள் தேவைப்படுகின்றன. படியை வைத்திருக்கும் கணினியே வழங்கியிடமிருந்து தரவை இழுத்துக்கொள்வது இன்னும் நல்லது, ஏனெனில் வழங்கிக்குள் புகுந்தவர் பழைய படிகளைத் தொட அப்போது வழியிராது.

அனைத்தையும் மேகச் சேவையிடம் விட்டுவிடலாமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அந்நிறுவனங்களின் தரவு மையங்கள் காவிரிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் கணக்கு ஒன்று முடக்கப்பட்டால் அதிலுள்ள யாவும் ஒருசேரப் போகும். அதுவும் ஒற்றைக் காரணமே. இதற்கு மாறாக, தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், அவற்றை முகப்புப் பக்கம் மாறாமல் எவரும் பரப்பலாம் என அனுமதித்ததால், அம்மின்னூல்களின் படிகள் ஒருவரையொருவர் அறியாத பலரிடம் இருக்க வழி பிறந்தது. குடும்ப ஆவணங்களை அவ்வாறு பரப்ப இயலாது. அவற்றை மறையாக்கம் செய்தே வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

மறையாக்கத்தின் திறவுச்சொல் வழங்கியில் மட்டுமே இருக்குமானால், மதுரையில் உள்ள படி வழங்கியோடு சேர்ந்தே பயனற்றதாகும். இக்குறை, வழங்கியைத் தொடாமல் வேறொரு கணினியில் படியை மீட்டுப் பார்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. எனவே மாதம் ஒருமுறை சில கோப்புகளையேனும் அவ்வாறு மீட்டு, முன்பு குறித்துவைத்த சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுவதும், திறவுச்சொல்லைத் தாளில் எழுதி ஆற்றுக்கு அப்பால் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பதும் காப்புமுறையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.